பூஜ்யத்துக்கு முன்னால்

உள்ளே இறக்கியாகிவிட்டது. மூடியைத் திருகி, பம்ப் காற்றை உறிஞ்சி முடித்து, திரையில் பச்சையும் வந்துவிட்டது, இனி காந்தத்தை அளக்கும் இந்த மிஷின் தானாகவே ஒரு சுற்று சுற்றி வரும், நான் இந்தக் கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஆறு வருஷம் ஆராய்ச்சி என்று சொல்லி ஒரு பெண்ணை வைத்திருந்து கடைசியில் கொடுக்கும் வேலை இதுதான், பார்த்துக்கொண்டிருப்பது. மேலே கைடு அறையில் விருந்து நடந்துகொண்டிருக்கும். என் பிஎச்.டி. வைவாவில் கேள்வி கேட்க வந்திருக்கும் நஜ்முதீன் சாருக்காக என் கைடு சிதம்பரதாணு சார், தான் சுத்த சைவம், ஆனாலும் ஆள் அனுப்பி மட்டன் பிரியாணி வாங்கி வைத்திருந்தார், அந்த மனுஷன் எனக்கு சுகர் சார், தயிர் சாதம் போதும் என்று சொல்லிவிட்டார், அப்போது எங்கள் சார் முகம் போன போக்கைப் பார்த்ததுதான் இன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம். சாப்பிட்டு முடித்ததும் கூட்டிக்கொண்டு கீழே வருவார். வைவாவுக்கு முன்னால் நம்ம ஃபிலிமை லைவா காட்டிருவோம் சார், அசந்துருவீங்க என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். காலையில் என்னிடமும் அதைத்தான் சொன்னார், நம்ம ஃபிலிமைப் போட்டு வைம்மா. போட்டு வைத்திருக்கிறேன் சார். உள்ளே இருப்பது நம்ம ஃபிலிம் இல்லை, நான் செய்த அந்தக் காந்தப் படலம் இல்லை, அவ்வளவுதான். உள்ளே இருப்பது பல்லேடியம், மிஷின் வாங்கும்போது கூடவே வந்த துண்டு, இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து டப்பாவுக்குள் கிடந்தது, வெளியே எடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்ன துண்டு. ஏசி முதுகில் ஊதுகிறது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாலும் குளிர்கிறது, இந்த அறையில் மிஷினுக்குத்தான் உடம்பு, மனுஷர்களுக்குக் கிடையாது.

திரையில் ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. காந்தப் புலம் ஏறிக்கொண்டிருக்கிறது, உச்சிக்குப் போய் அப்புறம்தான் இறங்கும், இறங்கும்போதுதான் விஷயம். அம்மாவுக்கு ஒரு முறை போனில் இதைச் சொல்லிப் பார்த்தேன். நிக்கலும் இரும்பும் கலந்து ஒரு படலம்மா, அதன்மேல் தாமிரம், திரும்ப அது, திரும்ப இது, இருபது அடுக்கு, ஆனால் மொத்தமும் சேர்ந்து கண்ணுக்கே தெரியாது. நூல் பரோட்டாவா என்றாள். ஆமாம்மா, நூல் பரோட்டா. அதற்குள்ளே இருக்கும் காந்தத்தை வெளியிலிருந்து பிடித்து வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம் பார்க்கும். தள்ளுவதைக் குறைத்துக்கொண்டே வந்து அடியோடு நிறுத்தினாலும் வலது பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும், அதற்குப் பெயர்தான் காந்தம், இடது பக்கம் பிடித்துத் தள்ளினால்தான் புரளும். இது உலக வழக்கம். எங்கள் ஃபிலிம் மட்டும், வலது பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, தள்ளுவது இன்னும் பூஜ்யத்துக்கு வருமுன்பே, இடது பக்கம் திரும்பிக்கொண்டது. லேபில் எல்லோரும் அதற்குப் பல்டி என்று பெயர் வைத்தார்கள், குழல்வாய்மொழி என்ற என் பெயரை மொழி என்று சுருக்கியதுபோல. மொழி, உன் பல்டி வந்துச்சா? இன்னைக்கும் பல்டியா? சார் மேடைகளில் அதை அவசரக் காந்தம் என்பார், சபை சிரிக்கும், அடுக்குகள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் இழுப்பதால்தான் அப்படி என்று படம் போட்டு விளக்குவார், கை தட்டுவார்கள். நாலு பேப்பர். என் பெயர் முதலில், அவர் பெயர் கடைசியில், கடைசிப் பெயருக்குத்தான் கழுத்தில் சால்வை. இப்போது நாங்கள் சொன்ன அவசரமெல்லாம் பொய் என்று ஆகப் போகிறதா, இல்லையா. அதுதான் இன்றைக்கு. அதைத் தவிர வேறொன்றுமில்லை.

போன வாரம் நான் எதையும் தேடிப் போகவில்லை. தேடுகிற புத்தி எனக்கு இருந்திருந்தால் முதல் வருஷமே தேடியிருப்பேன். ஃபிலிமை ஒட்டும் குச்சியும் பல்லேடியக் குச்சியும் ஒரே நீளம், இரண்டிலும் பிளம்பர் போடுகிற அதே வெள்ளை டேப்பைச் சுற்றி வைத்திருப்போம், டப்பாவைத் துடைக்க எடுத்து வெளியே வைத்தது யாரோ, கவனிக்காமல் மாட்டியது நான். மாட்டிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். ஃபிலிம் போட்டால் வரும் வளையம், லூப் என்போம், திரையில் வரவில்லை, இரண்டு சாய்ந்த கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், ஃபிலிம் கழன்று விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், வெளியே எடுத்து டேப்பைப் பிரித்தால் பல்லேடியம். சரி, தப்புக் குச்சி என்று சிரித்துக்கொண்டு அழிக்கப் போனவள், அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன். பார்க்காமல் அழித்திருந்தால் இன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேலே பிரியாணி பரிமாறிக்கொண்டிருப்பேன். பல்லேடியத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது. தள்ளினால் சாயும், விட்டால் நிமிரும், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, பூஜ்யத்தில் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். அது காட்டவில்லை. புலம் இன்னும் வலது பக்கம் இருக்கிறது என்று மிஷின் சொல்லும்போதே இந்தப் புத்தியில்லாத உலோகமும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. இதற்கு அடுக்கு கிடையாது, இழுப்பு கிடையாது, அவசரம் கிடையாது. அப்படியானால் பல்டி அடித்தது யார்?

மிஷின். வேறு யார். இந்தத் திரையில் ஓடுகிற எண் இருக்கிறதே, அது அளந்த எண் இல்லை. காந்தச் சுருளுக்குள் இவ்வளவு கரண்ட் போகிறது, ஆகவே இவ்வளவு புலம் இருக்கும் என்று அது தானே கணக்குப் போட்டுக்கொள்ளும் எண். உச்சிக்குப் போய்விட்டு வந்தால் சுருளின் கம்பிக்குள்ளேயே கொஞ்சம் காந்தம் சிக்கிக்கொள்ளும், அது எதிர்ப்பக்கம் தள்ளும், கரண்ட் பூஜ்யம் ஆவதற்கு முன்னாலேயே உள்ளே நிஜப் புலம் இடது பக்கம் போயிருக்கும். ஃபிலிம் பாவம், தள்ளின பக்கம் ஒழுங்காகத் திரும்பியிருக்கிறது. திரையிலிருக்கும் பூஜ்யம் பூஜ்யம் இல்லை. இதைப் படிக்காமலா இருந்தோம்? மிஷினோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது, சின்ன எழுத்தில், குறைந்த புலத்தில் அளப்பவர்கள் பல்லேடியம் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும் என்று. இரண்டாம் வருஷம் நான் கேட்டேன். சார், ஒரு தடவை பல்லேடியம் போட்டுப் பாத்துரட்டுமா? மிக்சர் தின்றுகொண்டிருந்தார். அதெல்லாம் கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டுப் போயிட்டான்மா, ஹீலியத்த வேஸ்ட் பண்ணாத. அவ்வளவுதான், சுருளைக் குளிர வைக்கும் ஹீலியம் விலை கூடினது, நானும் விட்டேன். திரையிலிருக்கும் பூஜ்யம் பூஜ்யம் இல்லை. பூஜ்யம் என்றால் வணங்கத் தக்கது என்றும் அர்த்தம், போன மாதம் அவருக்குப் பாராட்டு விழா நடத்தியவர்கள் நோட்டீசில் பூஜ்யத்துக்குரிய என்றே போட்டிருந்தார்கள், அச்சுப்பிழை என்று நானும் எம்.எஸ்ஸி. பிள்ளைகளும் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

அவரை நான் வெறுக்கிறேன். இதை மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ள இத்தனை நாள் ஆனதே. நம்ம ஃபிலிம், நம்ம ரிசல்ட், நம்ம பேப்பர் என்று நல்ல நாளில் சொல்லுவார், பேப்பரைச் சரிபார்க்கும் ரெஃபரி கேள்வி கேட்டு எழுதினால் அன்றைக்கு உன் சாம்பிள்ல என்னம்மா பிரச்சன என்பார். அந்த நம்ம என்பதற்குள் நான் இருக்கிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி. என் பொண்ணு மாதிரி நீ என்பார், அவர் பெண் அமெரிக்காவில் இருக்கிறாள், ரயிலில் வரும் அவள் மாமியாரை ஸ்டேஷனில் போய்க் கூட்டி வருவதற்குத்தான் நான் பெண். நான் ராத்திரி தங்கி அளந்தால் ஆர்வம், காய்ச்சலென்று ஒரு நாள் வராவிட்டால் பொறுப்பில்லாத்தனம். அந்தச் சிரிப்பு, அந்தக் கதர்ச் சட்டை, கையைக் கழுவாமலே வந்து என் ஃபிலிமை விரலால் தொட்டுப் பார்க்கும் அந்த எண்ணெய் விரல். அந்த விரல்களை நினைத்தாலே எரிகிறது. ஒருவரை இவ்வளவு வெறுத்துக்கொண்டு தினமும் குட் மார்னிங் சார் சொல்ல முடியும் என்பதே இந்த ஆறு வருஷத்தில் நான் நிஜமாகக் கற்றுக்கொண்டது. இன்றைக்குத் தீரட்டும். வெளியாள் முன்னால், அவர் பெருமையாகக் கையை நீட்டிக் காட்டும்போது, அது பல்லேடியம் சார் என்று சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்து மூட வேண்டும். அதற்காகத்தான் குச்சியை மாற்றினேன், உண்மைக்காக என்றெல்லாம் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். உண்மைக்கென்றால் போன வாரமே அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. அறைக்குள் சொன்னால் அறைக்குள்ளேயே புதைத்துவிடுவார்.

ஆனால் புதைந்தால் நானும்தானே சேர்ந்து புதைவேன். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம், நாலு பேப்பர் போனால் தலைமுடிகூட உதிராது. எனக்கு இந்த ஒரு தீசிஸ்தான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலேஜில் வேலை எடுத்து வைத்திருக்கிறார்கள், பிஎச்.டி. முடித்த சர்டிபிகேட்டோடு ஜூனில் வாங்க, இல்லையென்றால் வேற ஆளப் பாத்துக்கிடுதோம் என்று பிரின்ஸ்பால் சொல்லிவிட்டார். தென்காசியில் அம்மா ஏற்கெனவே எல்லார் வீட்டுக்கும் சொல்லிவிட்டாள், குழல்வாய்மொழி டாக்டராயிட்டா என்று, ஊசி போடுற டாக்டரா என்று கேட்டவர்களிடம் சண்டையும் போட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வயதில் திரும்பப் போய் முதல் அடுக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னொரு கைடு எடுத்துக்கொள்வானா, சொந்தக் கைடையே சபையில் கவிழ்த்தவளை எவன் எடுப்பான், துறை முழுக்க ஒரே நாளில் பரவிவிடும். ஒருவேளை போன வாரம் வந்ததுதான் தப்போ. டேப்பில் அழுக்கு இருந்திருக்கலாம், ஸ்டீல் இடுக்கியால் பிடித்திருந்தால் இரும்புத் துகள் ஒட்டியிருக்கலாம், ஒட்டினால் இப்படி எதிர்ப்பக்கம் காட்டாதுதான், இருந்தாலும் ஒருவேளை. இந்தத் தடவை பிளாஸ்டிக் இடுக்கி, புது டேப், கையுறை. இந்தத் தடவை பல்லேடியம் ஒழுங்காகப் பூஜ்யத்தில் பூஜ்யம் காட்டிவிட்டால் எங்கள் பல்டி நிஜம், சத்தம் போடாமல் குச்சியை மாற்றிவிட்டு மேலே போய்ப் புடவை கட்டிக்கொள்ளலாம். காட்டிவிடு. இல்லை, காட்டாதே. அந்த ஆளின் முகத்தை நான் பார்க்க வேண்டும். காட்டிவிடு, தாயே. எனக்கு என்னதான் வேண்டும்? இரண்டும் வேண்டும், அவர் விழ வேண்டும், நான் நிற்க வேண்டும், ஒரே பாயில் நின்றுகொண்டு ஒருவர் பக்கத்தை மட்டும் உருவ வேண்டும்.

புலம் இறங்க ஆரம்பித்துவிட்டது. உச்சியிலிருந்து வேகமாக வந்து, இப்போது மெதுவாக, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மட்டும் அடி அடியாக வரும்படி நான்தான் எழுதி வைத்தேன். இருநூறு. புள்ளி நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறது, மேலே என்றால் வலது, கீழே என்றால் இடது, நல்ல பிள்ளையாகக் குறைகிறது. நூற்றைம்பது. குச்சி உள்ளே அதிரும் சத்தம், கொசு ரீங்காரம்போல, கவனித்தால் நிற்கவே நிற்காது, அதைக் கவனிக்கவே கூடாது. நூறு. இன்னும் மேலேதான். வந்துவிடும், ஒழுங்காக வந்துவிடும், போன வாரம் அழுக்குத்தான். எழுபது. கதவைப் பார்க்கிறேன், யாரும் இல்லை. ஐம்பது. ஏன் இவ்வளவு கீழே வந்துவிட்டது. முப்பது, பூஜ்யத்துக்கு இன்னும் முப்பது இருக்கிறது, வலது பக்கம்தான் என்று மிஷின் அடித்துச் சொல்கிறது, புள்ளி கோட்டின் மேலேயே படுத்துவிட்டது. இருபது. கோட்டுக்குக் கீழே. அடுத்ததும் கீழே. அதற்கடுத்ததும். தேய்த்துப் பார்த்தேன், கண்ணையல்ல, திரையை, துப்பட்டா முனையால், தூசி என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. தூசி இல்லை. தாமிரமும் நிக்கலும் வேண்டாம், அடுக்கும் வேண்டாம், என்னைப் போட்டு அளந்தாலும் இந்த மிஷின் பல்டி காட்டும். ஆறு வருஷம், ஒரு சுருளுக்குள் சிக்கின காந்தத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, கோபம்தான் வந்தது. சரி. வரட்டும் அவர். மூன்று வாக்கியம் இருக்கிறது என்னிடம். இது பல்லேடியம் சார். இரண்டாம் வருஷமே போட்டுப் பார்க்கிறேன் என்றேன், நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். நாலு பேப்பரும் தப்பு. மூன்றே மூன்று, இடையில் மூச்சு விடக் கூடாது, விட்டால் அவர் புகுந்துவிடுவார். இது பல்லேடியம் சார். இது பல்லேடியம் சார்.

மாடிப்படியில் அவர் குரல் முன்னால் வந்தது, செருப்புச் சத்தம் பின்னால்.

"வாங்க சார், தலை இடிக்கும், பாத்து வாங்க. இதான் நம்ம கோயிலு. என்னம்மா மொழி, லூப் வந்துட்டா?"

எழுந்து நின்றேன். ஸ்டூல் கீழே சாய்ந்தது, எடுக்கவில்லை. நஜ்முதீன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். மெலிந்த மனுஷர், படிகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், காந்தம் அவருக்குப் பக்கத்து வீடு மாதிரி, தெரியும், உள்ளே போய்ப் பழக்கமில்லை.

"தீசிஸ்ல வளையம் மாதிரி பாத்தேனே சார். இது நேர்க்கோடால்ல இருக்கு, ரெண்டு கோடு?"

எங்கள் சார் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். மக்கு இல்லை அவர், அதை நான் எப்போதும் மறந்துவிடுகிறேன், ஒரே பார்வையில் கோட்டின் சாய்வு, பூஜ்யம், பூஜ்யத்துக்குக் கீழே படுத்திருந்த புள்ளிகள், எல்லாவற்றையும் படித்துவிட்டார். முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. அதற்காகத்தான் ஆறு வருஷமாகக் காத்திருந்தேன், அது வந்தது, வந்தபோது அதில் ஒரு ருசியும் இல்லை, வயதான ஆள் ஒருவர் மாடிப்படி இறங்கி வந்து மூச்சு வாங்குகிறார் என்று மட்டும் இருந்தது.

"இது பல்லேடியம் சார்," என்றேன். நஜ்முதீன் சாரிடம் சொன்னேன். "எங்க ஃபிலிம் இல்ல. காந்தமே கிடையாது இதுக்கு. இதுவும் அதே மாதிரி..."

மூச்சு விட்டுவிட்டேன்.

"அதான் சார்!" என்று சிதம்பரதாணு சார் கையைத் தட்டினார். "இதத்தான் உங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு நெனச்சேன். எனக்கு ரொம்ப நாளாவே இந்த மேக்னட் மேல ஒரு சந்தேகம் சார். நாலு பேப்பர் போட்டாச்சேன்னு நாம சும்மா இருந்துரக் கூடாதுல்லா? வைவாவுக்கு முன்னால ஒரு தடவ பல்லேடியம் ஸ்டாண்டர்டப் போட்டுப் பாத்துருவோம், தப்புன்னா தப்புன்னு நாமளே முதல்ல சொல்லிருவோம்னு. உலகத்துல பாதிப் பேரு இதே தப்பத்தான் பண்ணிட்டு இருக்கான், அவனுக்குத் தெரியாது. தீசிஸ்ல கடைசிச் சேப்டர மட்டும் மாத்தி எழுதினாப் போதும், மூணு மாசம். ஏன், இதவே தனியா ஒரு பேப்பராப் போடலாம், அதுக்குத்தான் சார் இனிமே மதிப்பு."

நஜ்முதீன் சார் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். நல்ல கண்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று பார்க்கும் கண்கள். "பல்லேடியம் போட்டுப் பாக்கணும்னு யாரு யோசனம்மா?"

இரண்டாவது வாக்கியம் நாக்கில் இருந்தது. முழுசாக இருந்தது, ஒரு வாரமாகச் சொல்லிப் பழகினது, ஒரு எழுத்து குறையாமல். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. மிரட்டவில்லை. சிதம்பரதாணு சார் கெஞ்சிக்கூடப் பார்க்கவில்லை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, என் பக்கம் திரும்பி, மெல்லச் சிரித்தார்.

"என்னம்மா, போன வாரம் நான் உன்ட்ட சொன்ன..."

"ஆமா சார். சார்தான் சொன்னாங்க."

அவர் முடிக்கவில்லை. முடிப்பதற்குள் சொல்லியிருந்தேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, தெளிவாக, மரியாதையாக, சொன்னாங்க என்று பன்மையில்.

"தன் தப்பத் தானே தேடிப் பிடிக்கிற கைடு இந்தக் காலத்துல யாருக்கும்மா கிடைக்குது," என்றார் நஜ்முதீன் சார். "நீங்க கொடுத்து வெச்சவங்க. சேப்டர மாத்தி அனுப்புங்க, நான் கையெழுத்துப் போட்டுருதேன். வைவா இன்னைக்கே நடக்கட்டும்."

சிதம்பரதாணு சார் நிமிர்ந்தார். ரத்தம் முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது. "சீக்கிரம் புடவையக் கட்டிட்டு வாம்மா," என்றார், "எல்லாரும் வந்துட்டாங்க." நான் தலையை ஆட்டினேன். முன்னால் ஓடிப் போய், கனமான அந்தக் கதவை இழுத்துத் திறந்து, அவர் முதலில் போகட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன்.